பின்சுவரில் ஒரு வாசல்

மனிதர்களைச் சந்தித்தால் முதலில் முகத்தைப் பார்ப்பதுதான் வழக்கம். இளையவள் காலைப் பார்ப்பாள். செருப்பின் விளிம்பில் ஒட்டிய சேறு ஈரமா, காய்ந்ததா. உடையின் கீழோரத்தில் நாயுருவி முள் தொற்றியிருக்கிறதா, இல்லையா. இவற்றைப் பார்த்த மாத்திரத்தில் இன்னார் இன்ன வழியாக வந்தார் என்று சொல்லிவிடுவாள். இது சோதிடம் அன்று. சுற்றுச்சூழல் வடிவமைப்பும் திட்டமிடலும் என்ற துறையில் அவள் செய்துவந்த முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் இயல்.

ஆய்வுக்கு வருமுன் அவள் நகரமைப்பு அலுவலகத்தில் வரைவாளராக இருந்தாள். பொறியாளர்கள் வாயால் சொல்வதைக் கோடாக்கிக் கொடுக்கும் வேலை. தலைமை மருத்துவமனையின் பெரிய வாசலிலிருந்து முகப்பு மண்டபம் வரை ஒரு நடைபாதை வரையச் சொன்னார்கள், வரைந்தாள். அம்பு விட்டாற்போல் நேரான பாதை. இருமருங்கும் வெட்டிவிட்ட செடி வரிசை, இடையிடையே கல் இருக்கை. நாடா வெட்டித் திறந்தும் வைத்தார்கள். சில வாரம் கழித்து வேறு வேலையாக அங்கே போனவள் பார்த்தது என்ன? அந்தப் பாதையில் ஒரு நாய் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மனிதர்கள் அத்தனை பேரும் புல்தரையைக் குறுக்கே மிதித்து, தாங்களாகவே ஓர் ஒற்றையடிப் பாதையைத் தேய்த்து, அதில் நடந்துகொண்டிருந்தார்கள். வரைந்தது தன் கைதான் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்தது. நாற்பதைக் கடந்த வயதில், நீண்ட விடுப்பில், மாணவியாகப் பல்கலைக்கழகப் படியேறியது அந்த வெட்கத்தினால்தான்.

மூத்தவள் அதே மருத்துவமனையில் வார்டு உதவியாளர். தாய் தந்தை இருவரும் சீக்கிரமே போய்விட, தங்கையைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவள் கணவரும் போன பிறகு வீட்டில் மிஞ்சியவர்கள் இவர்கள் இருவரே. வீடு, மருத்துவமனையின் பின்சுவரை ஒட்டிய சந்தில். ஆனால் சுவரை ஒட்டியிருந்து என்ன பயன்? வாசல் முன்பக்கத்தில் அல்லவா இருக்கிறது! முறைப்படி போவதானால் சந்தைக் கடந்து, பிரதான சாலையில் பேருந்து ஏறி, மேம்பாலத்தைச் சுற்றி இறங்கி, பெரிய வாசலில் நுழைய வேண்டும். ஒரு மணி நேரம் விழுங்கிவிடும். பின்சுவரில் ஓர் உடைப்பு இருந்தது. அதன் வழியே நுழைந்து, புதரைக் கடந்து, சாக்கடைமேல் யாரோ போட்டிருந்த பழைய மரக்கதவின்மேல் நடந்து, ஜெனரேட்டர் அறையின் பின்புறமாகச் சென்றால் அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் வார்டில் நிற்கலாம். முழங்கால் வீக்கத்தோடு வேலைக்குப் போகும் மூத்தவளுக்கு அந்த உடைப்பு ஒரு வரப்பிரசாதம்.

ஆய்வின் பொருள் இன்னதென்று தங்கை முதன்முதலில் விளக்கியபோது மூத்தவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"நாங்க நடக்கறதுக்கு நீ டாக்டர் பட்டம் வாங்கப்போறியா? அப்ப பாதிப் பட்டத்த என் முழங்காலுக்குக் குடுத்துடு."

"கிண்டல் பண்ணாதக்கா. ஜனங்க எங்க நடக்கறாங்களோ அங்கதான் பாதை போடணும், வாசல் வைக்கணும்னு நிரூபிக்கப்போறேன். பின்சுவர்ல ஒரு வாசல் வந்தா உனக்கு நல்லதுதானே?"

சிரிப்பு அப்போதுதான் நின்றது. "வாசலா? நெஜமாவா? கூரை போட்டு, லைட்டெல்லாம் போட்டு?"

"எல்லாம் போட்டு."

மூத்தவள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

களப்பணியை மூத்தவள் இல்லாமல் இளையவள் தொடங்கியே இருக்க முடியாது. கையில் அளவுநாடாவும் அட்டையுமாக ஒருத்தி உடைப்பருகே நின்றால் யார் வாய் திறப்பார்கள்? முதல் நாள் அவளைக் கண்டதும் பாதிப் பேர் வந்த வழியே திரும்பிப் போனார்கள். உடைப்புக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் மட்டும் துணிந்து கேட்டார்.

"யாரும்மா நீங்க? சுவர அடைக்க வந்த ஆளா?"

பின்னால் வந்துகொண்டிருந்த மூத்தவள் முந்திக்கொண்டாள். "அண்ணே, இது என் தங்கச்சி. பெரிய படிப்பு படிக்குது. இங்க ஒரு வாசல் வைக்கணும்னு எழுதிக் குடுக்கப்போகுது. கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லுங்க."

"அப்படியா! அப்ப வாசலுக்கு இந்தப் பக்கம் என் கடைய மறைக்காம வைக்கச் சொல்லும்மா" என்று அவர் ஒரு டீயை ஆற்றிக் கொடுத்தார். அன்று முதல் அவர் கடை பெஞ்சுதான் அவளுடைய கள அலுவலகம்.

அக்கா சொன்ன ஒரு சொல்லுக்காக எல்லோரும் மனத்தைத் திறந்தார்கள். இரவுப் பணி முடிந்து வரும் செவிலிப் பெண், எந்த இடத்தில் விளக்கில்லை, எந்த இடத்தில் பயமில்லை என்று கூடவே நடந்து காட்டினாள். கணவனுக்குச் சோறு கொண்டுவரும் ஒரு பெண்மணி, காவலாளியின் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியாத மூலை இன்னதென்று காட்டினாள். பார்வை நேரம் தவறிவிட்டால் அந்த மூலைதான் அவளுக்குத் துணை. உடைப்பு ஒன்றல்ல, பல என்பதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம், ஒரு வேளை, ஒரு காரணம் உண்டு என்பதும் மெல்ல மெல்லத் தெரிந்தன. வார்டு உதவியாளர்களின் சீருடை ஓரத்தில் ஒட்டிய நாயுருவி முள்ளை வைத்தே யார் புதர்வழியில் வந்தவர் என்று கணக்கெடுக்கும் முறையை அவள் அப்போதுதான் கண்டுபிடித்தாள்.

அவளுடைய நெறியாளரான பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'பாக்கலாம் சார்'. எதைக் கேட்டாலும் பாக்கலாம் என்பார். விடுப்பு வேண்டுமா, பாக்கலாம். ஆய்வகத்தில் மின்விசிறி சுற்றவில்லையா, பாக்கலாம். ஆனால் ஆய்வு நெறி என்று வந்துவிட்டால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார்.

"யார் பேரும் வெளிய வரக்கூடாதும்மா. நம்பிச் சொன்னவங்களுக்கு நம்மளால ஒரு கெடுதலும் வந்துடக் கூடாது. இதுல மட்டும் நான் கண்டிப்பு."

அவளும் அதில் கண்டிப்பாகவே இருந்தாள். ஒவ்வொருவருக்கும் ஒரு குறியெண் கொடுத்தாள். பெயர் எழுதிய தாளைத் தனியே பூட்டி வைத்தாள். சொந்த அக்காளும் ஆய்வேட்டில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணுமாகச் சுருங்கிப் போனாள்.

"அம்மா அப்பா ஆசையா வெச்ச பேர எடுத்துட்டு பஸ் நம்பர் மாதிரி ஒண்ணு குடுத்திருக்க!" என்று மூத்தவள் அங்கலாய்த்தாள். ஆனால் தன்னைப் பற்றி ஆய்வேட்டில் எந்தப் பக்கத்தில் வருகிறதென்று கேட்டு, அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொள்ளவும் தவறவில்லை.

வரைபடத்தை இளையவள் தன் தொழில் திறமை முழுவதையும் கொட்டி வரைந்தாள். மிகுதியாக மிதிபடும் வழிக்குத் தடித்த கோடு, அரிதாக மிதிபடுவதற்கு மெல்லிய கோடு. சுவர் உடைப்புகளுக்குச் சிவப்பு வட்டம். அருகிலேயே அகலம், உயரம், கூட்டம் மிகும் வேளை. காவலாளியின் கண்ணுக்கு எட்டாத இடங்களுக்கு நீலப் பூச்சு. மக்கள் குறுகிய வழியை மட்டும் தேடுவதில்லை, யாரும் அதட்டாத வழியையும் தேடுகிறார்கள் என்பது அவளுடைய வாதங்களுள் ஒன்று. அதற்கு அந்த நீலம் சான்று. துறைச் சுவரில் அதை ஒட்டிவைத்தபோது வருவோர் போவோரெல்லாம் நின்று பார்த்தார்கள். 'பாக்கலாம் சார்' கூட, "அருமை" என்றார். அது அபூர்வமான சொல்; அவர் வாயிலிருந்து உதிர்ந்ததை அதுவரை யாரும் கேட்டதில்லை.

வளாகத்துக்குள் ஆய்வு செய்ய அனுமதி கொடுத்தபோதே மருத்துவமனை நிர்வாகம் ஒரு நிபந்தனை விதித்திருந்தது. அறிக்கையும் வரைபடமும் ஒரு படி அவர்களுக்கு வேண்டும். இளையவளுக்கு அது நிபந்தனையாகத் தோன்றவில்லை, வாய்ப்பாகத் தோன்றியது. படிப்பவர் படித்தால்தானே வாசல் வரும்? அட்டை போட்டு, பரிந்துரைகளை முதல் பக்கத்திலேயே வைத்து, வளாகப் பொறியாளரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பொறியாளர் மரியாதை தெரிந்த மனிதர். எழுந்து நின்று நாற்காலி காட்டினார். பரிந்துரைப் பக்கத்தைப் புரட்டித் தள்ளிவிட்டு வரைபடத்தை மேசை முழுக்க விரித்தார். ஒவ்வொரு சிவப்பு வட்டத்தின்மேலும் விரலை வைத்து வைத்து எடுத்தார்.

"மேடம், உண்மையச் சொல்றேன். எங்க ஆளுங்க இவ்வளவு வருஷமா சுத்திச் சுத்தி வந்தும் இதுல பாதி தெரியாது. இது மாதிரி ஒரு வேலைய நான் பார்த்ததே இல்ல."

"பின்சுவர் வாசல் பத்தி நாலாவது இயல்ல விவரமா இருக்கு சார்."

"கண்டிப்பா பார்க்கறேன். இது எங்களுக்கு ரொம்ப உதவும்."

அன்று மாலை இளையவள் கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, வாசல் வந்த மாதிரிதான்!" என்று அவள் சொன்னதும், மூத்தவள் அடுப்பை அணைத்துவிட்டு நேரே டீக்கடைக்குப் போய்ச் செய்தியைப் பரப்பிவிட்டுத்தான் திரும்பினாள்.

மழைக்காலம் முடிந்ததும் லாரி வந்தது. இரும்புத் தூண்கள் இறங்கின. சிமெண்டு மூட்டைகள் இறங்கின. மூத்தவள் வேலைக்குப் போகிற வழியில் நின்று வேடிக்கை பார்த்தாள். "வாசலுக்குத்தானே தம்பி?" என்று கூலியாட்களைக் கேட்டாள். அவர்கள் தலையை ஆட்டிவைத்தார்கள். அவள் வார்டில் போய், "வேலை ஆரம்பிச்சாச்சு" என்று சொல்லி, செவிலியர் எல்லோருக்கும் தன் கைக்காசில் டீ வாங்கிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் மாலை திரும்பி வந்தபோது உடைப்பு இல்லை. ஈரம் காயாத புதுச்சுவர் இருந்தது. சாக்கடைமேல் கிடந்த மரக்கதவைக் காணோம். புதரின் உட்புறமாக ஆள் உயரத்துக்கு மேல் முள்கம்பி வேலி, வளைந்து வளைந்து ஓடியது. ஒவ்வொரு வளைவும் ஒரு பாதையை மறித்தது. தவறிப்போய்க்கூட ஒன்றை விடவில்லை. மூத்தவள் வந்த வழியே திரும்பி, பெரிய வாசலுக்கு நடந்து, பேருந்து பிடித்து, மேம்பாலம் சுற்றி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தங்கை படித்துக்கொண்டிருந்தாள்.

"வாசல் வந்துடுச்சு" என்றாள் மூத்தவள். "போய்ப் பார்த்துட்டு வா."

இளையவள் ஓடினாள். மேஸ்திரி சந்துப் பக்கம் நின்று புதுச்சுவரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் மடித்து மடித்து அழுக்கேறிய ஒரு தாள். சிவப்பு வட்டங்கள், தடித்த கோடு, மெல்லிய கோடு, நீலப் பூச்சு. முடிந்த இடங்களில் பென்சிலால் குறுக்கே அடித்திருந்தார். அவளுடைய கையெழுத்தில் அகலமும் உயரமும் அப்படியே இருந்தன. எவ்வளவு செங்கல் வேண்டும் என்று அளக்கும் வேலையைக்கூட அவள் யாருக்கும் மிச்சம் வைக்கவில்லை.

"படம் நல்லா தெளிவா போட்டிருக்காங்கம்மா" என்றார் மேஸ்திரி, இவள் யாரென்று அறியாமல். "இல்லன்னா இந்தப் பொந்தெல்லாம் தேடவே ஒரு மாசம் ஆயிருக்கும்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பேர்களையெல்லாம் எவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்தாள்! வழிகளை மறைக்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, பேராசிரியருக்கும் தோன்றவில்லை, ஆய்வுக் குழுவில் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி வினாத் தொடுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. வழி தெரிந்த பிறகு பெயர் யாருக்கு வேண்டும்?

மறுநாள் பொறியாளர் அதே மரியாதையோடு நாற்காலி காட்டினார்.

"மருந்து திருட்டு, வெளியாளுங்க நடமாட்டம்னு மேலிடத்துல ஒரே நெருக்கடி மேடம். எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு முழிச்சிட்டிருந்தோம். உங்க படம் வந்துச்சு. ஆராய்ச்சின்னா அலமாரியில தூங்கக் கூடாதில்ல?"

"நான் வாசல் வைக்கச் சொன்னேன் சார். அடைக்கச் சொல்லல."

"அது பரிந்துரை மேடம். படம்தான் விவரம்."

அவள் நேரே பேராசிரியரிடம் போனாள். துறையின் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள் என்று கெஞ்சினாள். அவர் நெற்றியைத் தடவினார்.

"வாய்மொழித் தேர்வு வர்ற நேரம்மா. இப்ப நிர்வாகத்தப் பகைச்சுக்கிட்டா, குடுத்த அனுமதியத் திரும்ப வாங்கிட்டாங்கன்னா என்ன பண்ணுவ? மொதல்ல பட்டம் கையில வரட்டும். அப்புறம் பாக்கலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டுக்கு வந்து அதையே அக்காளிடம் தன் வாதமாகச் சொன்னாள்.

"பட்டம் வந்துட்டா என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கும்க்கா. அப்ப போய்க் கேட்டா மறுக்க மாட்டாங்க. கொஞ்ச நாள் பொறுத்துக்கோ."

மூத்தவள் முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "சரி. அதுவரைக்கும் பொறுத்துக்கன்னு இதுகிட்ட சொல்லி வைக்கறேன்" என்று முழங்காலைத் தட்டினாள்.

பேருந்து ஒரு நாள் போல் ஒரு நாள் வருவதில்லை. காலைப் பணிக்கு மூத்தவள் தாமதமானாள், மறுபடியும் தாமதமானாள். வார்டிலிருந்து எடுத்து அடித்தளத்தில் இருந்த துணிக் கிடங்குக்கு மாற்றினார்கள். வார்டில் அவளுக்கு நோயாளிகள் இருந்தார்கள், பேச்சு இருந்தது, 'அக்கா' என்று கூப்பிட ஆள் இருந்தது. கிடங்கில் மூட்டை கட்டிய படுக்கை விரிப்புகள் இருந்தன. அவள் அதைப் பற்றி ஒரு நாளும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இளையவளுக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

டீக்கடையில் மூத்தவளுக்குக் கடைசி வரை டீ கிடைத்தது. ஆனால் ஆற்றிக் கொடுக்கவில்லை. "உங்க தங்கச்சி எழுதிக் குடுத்தது நல்லா வேலை செஞ்சிருக்கு" என்று மட்டும் கடைக்காரர் சொன்னார். உடைப்பு அடைபட்ட பிறகு அவர் கடைக்கு வழிப்போக்கர் யார் இருக்கிறார்கள்? சில மாதங்களில் பெஞ்சைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வேறிடம் போனார். போவதற்கு முன் ஒரு நாள் இளையவள் அந்தப் பக்கம் வரக் கண்டவர், கடையில் இருந்தவர்களிடம் உரக்கச் சொன்னார்:

"டாக்டரம்மா வர்றாங்க. எல்லாரும் காலை மடக்கி உள்ள வெச்சுக்குங்க. அளந்துட்டுப் போயிடுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். இரவுப் பணிச் செவிலிப் பெண்ணும் அங்கே இருந்தாள். அவள் மட்டும் சிரிக்காமல் எழுந்து போனாள். சிரித்தவர்களைவிட அவள் எழுந்து போனதுதான் இளையவளுக்குச் சுருக்கென்றது.

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. குளிரூட்டிய அரங்கம், தட்டில் பிஸ்கட், சுவரில் ஒளிர்ந்த வரைபடம். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அன்பான அம்மையார். ஆய்வேட்டை வரி விடாமல் படித்திருந்தார். நாயுருவி முள் கணக்கெடுப்பு முறையைப் பாராட்டி, தம் மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கப்போவதாகக் கூறினார். கடைசியில், "இந்த ஆய்வால் நடைமுறையில் ஏதும் பயன் விளைந்ததா?" என்று கேட்டார். இளையவள் வாய் திறக்குமுன் பேராசிரியர், உதவுவதாக எண்ணிக்கொண்டு முந்திக்கொண்டார். "மருத்துவமனை நிர்வாகம் இந்த வரைபடத்த அப்படியே செயல்படுத்திட்டாங்க மேடம்." அரங்கத்தில் ஒரு வியப்பு எழுந்தது.

"செயல்படுத்தல" என்றாள் இளையவள். "நான் திறக்கச் சொன்ன இடத்தையெல்லாம் பார்த்து அடைச்சுட்டாங்க. நம்பி வழி காட்டினவங்க யாருக்கும் இப்ப வழி இல்ல. அதுல ஒருத்தங்க என் சொந்த அக்கா. ஆய்வேட்டுல இதப் பத்தி ஒரு வரி இல்ல. அது என் தப்பு."

பேராசிரியர் மேசையைப் பார்த்தார். தேர்வாளர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ரொம்ப நேர்மையா சொன்னீங்க. மனசத் தொட்டுடுச்சு. இது முக்கியமான விஷயம். 'ஆய்வின் வரம்புகள்' பகுதியில இத ஒரு பத்தியா சேர்த்துடுங்க. மத்தபடி எனக்கு முழுத் திருப்தி."

கைதட்டினார்கள். யாரோ பூங்கொத்து கொடுத்தார்கள். அவள் அந்தப் பத்தியை அன்றே எழுதிச் சேர்த்தாள். நல்ல பத்தி, பிழை ஒன்றும் இல்லை.

பட்டம் கைக்கு வந்த வாரமே, சொன்ன சொல்லைக் காப்பாற்ற, பொறியாளரிடம் போனாள். அவர் எழுந்து கைகுலுக்கினார். "வாங்க டாக்டர்!" வாசல் பேச்சை எடுத்தாள். பாதி கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"அத விடுங்க டாக்டர். நானே உங்களக் கூப்பிடணும்னு இருந்தேன். முன்பக்கமும் இதே மாதிரி ஒரு சர்வே பண்ணிக் குடுங்களேன். அங்கயும் ஏகப்பட்ட பொந்து இருக்குன்னு கேள்வி."

அவள் விடைபெறாமலே எழுந்து வந்துவிட்டாள். பட்டம் வந்தால் பேச்சுக்கு மதிப்பு வரும் என்று நினைத்தாளே, அந்த மதிப்பு இதுதான்.

அதற்குப் பின் சில வாரம் கழித்து, மூத்தவள் மாலையில் சீக்கிரம் வீடு திரும்பத் தொடங்கினாள். முதலில் இளையவள் அதைக் கவனிக்கவில்லை. பேருந்து சரியாக வருகிறது போலும் என்று எண்ணினாள். ஒரு நாள் பேருந்து ஊழியர் வேலைநிறுத்தம். சாலையில் ஒரு பேருந்தும் ஓடவில்லை. அன்றும் மூத்தவள் வெளிச்சம் மங்குமுன் வந்துவிட்டாள்.

இளையவள் சன்னலருகே இருந்தாள். மூத்தவள் வழக்கம்போல் நேரே உள்ளே வராமல், சந்தின் முனையிலேயே நின்று, குனிந்து, சீருடையின் கீழோரத்தைப் பிடித்து ஒவ்வொன்றாக எதையோ பிய்த்துப் போட்டாள். முழங்கால் வலியில் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டாள். மறுபக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் மிச்சமில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் வீட்டை நோக்கி நடந்தாள்.

இளையவளுக்குப் புரிந்துவிட்டது. வழி ஒன்று பிறந்துவிட்டது! வேலியைத் தாண்டியோ, அடியிலோ, எங்கோ மறுபடியும் மனிதர்கள் மிதித்து மிதித்து ஒரு வழியைத் தேய்த்துவிட்டார்கள். ஆய்வேட்டின் முடிவுரையில் அவள் எழுதியதும் அதைத்தானே? மகிழ்ச்சி பொங்க வாசலுக்குப் போனாள்.

"பஸ் இல்லையேக்கா இன்னைக்கு. எப்படி வந்த?"

"சுத்தித்தான்" என்றாள் மூத்தவள். "நடந்தே வந்தேன்."

"இவ்வளவு சீக்கிரமாவா?"

"காலு கொஞ்சம் பரவால்ல."

கால் பரவாயில்லை என்பவள் படியேறக் கதவின் நிலையைப் பற்றிக்கொண்டிருந்தாள். இளையவளின் கண், பழக்கதோஷத்தால், செருப்புக்கு இறங்கியது. விளிம்பில் ஈரச்சேறு, கருஞ்சேறு. அந்த நிறத்துச் சேறு வளாகத்தில் எந்தப் பக்கம் உண்டு என்று மனம் தானாகவே தேடத் தொடங்கியது. நாயுருவியும் கருஞ்சேறும் சேர்ந்திருக்கும் இடம், வேலி வளையும் இடம்...

தலை நிமிர்ந்தபோது மூத்தவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கோபம் இல்லை. வார்டில் திருட்டுப்போன காலத்தில் பார்வையாளர்களைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"என்னடி, எழுதப்போறியா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல. எனக்கு... எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்."

"தெரியறதுக்கு ஒண்ணும் இல்ல. சுத்தித்தான் வர்றேன்னு சொன்னேனே."

மூத்தவள் வாசற்குழாயைத் திறந்து செருப்பை நீட்டி, விளிம்பெல்லாம் விரலால் தேய்த்துக் கழுவினாள். கழுவியதை உதறி, உள்ளே எடுத்துப் போய், தன் கட்டிலின் அடியில் வைத்தாள். அந்த வீட்டில் அதுவரை இருவர் செருப்பும் வாசலில்தான் கிடந்தன.